உரோமை நகரின் தலைவாசல்

உரோமைக்குத் திருப்பயணம் புறப்படும் நம் மக்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வது புனித இராயப்பர் பேராலயத்தின் குவிமாடத்தையே. ஆயினும் அந்நகரில் அவர்களுள் பலர் முதன்முதலில் காலூன்றும் இடம் வேறொன்று. விமான நிலையத்திலிருந்து அரைமணி நேரத்தில் இரயில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவது தெர்மினி என்னும் புகைவண்டி நிலையத்தில். முப்பதுக்கும் மேற்பட்ட நடைமேடைகள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 கோடிப் பயணிகள். நிலத்தடியில் இரண்டு சுரங்க இரயில் பாதைகள். வாசலில் திசைக்கொன்றாய்ப் புறப்படும் பேருந்துகள். இத்தாலி நாட்டின் மிகப் பெரிய நிலையம் இது. பயண வழிகாட்டிகள் இதைப் பற்றிக் கூறுவதெல்லாம், கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே. அந்த எச்சரிக்கை நியாயமானதே. எனினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுத் திருச்சபை வரலாற்றில் இந்நிலையத்திற்கும் அதன் பக்கவாட்டில் ஓடும் ஒரு தெருவிற்கும் உரிய பங்கை அறியாமல் நம் திருப்பயணிகள் அதைக் கடந்துபோவது நமக்குக் குறையாகவே படுகிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். இரயில் பாதை வந்து முடியும் இடமாதலால் 'தெர்மினி' என்று அழைக்கிறார்கள் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பண்டை உரோமையர் நீராடிய பெரும் வெந்நீர்க் கூடங்களுக்கு இலத்தீனில் 'தெர்மே' என்று பெயர். அச்சொல்லே திரிந்து அப்பகுதியின் பெயராயிற்று. இரயிலுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது அப்பெயர். அந்த நீராட்டுக் கூடங்கள் கி.பி. 298-க்கும் 306-க்கும் இடையே தியோக்கிளேசியன் பேரரசன் காலத்தில் எழுந்தவை. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவன் என்று வரலாறு பழிக்கும் அதே தியோக்கிளேசியன்தான். நம் ஊர்களிலெல்லாம் குருசடி கொண்டு விளங்கும் புனித செபஸ்தியார் வேதசாட்சி முடி பெற்றதும் இவன் ஆட்சியிலேயே. அந்தக் கூடங்களைக் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கிறிஸ்தவர்களே என்பது மரபு வழிச் செய்தி. பாப்பரசர் நான்காம் பத்திநாதர் அம்மரபை மனத்திற்கொண்டு, இடிந்து கிடந்த பெருங்கூடத்தை ஆலயமாக மாற்றும் பணியை மிக்கேலாஞ்சலோவிடம் ஒப்படைத்தார். அப்போது அக்கலைஞருக்கு வயது எண்பத்தைத் தாண்டிவிட்டது. அவர் பேரரசன் எழுப்பிய கூடத்தை இடிக்கவில்லை. அதன் கூரையையும் தூண்களையும் அப்படியே நிறுத்தி, அதற்குள்ளேயே ஆலயத்தை அமைத்தார். வானதூதர்களுக்கும் வேதசாட்சிகளுக்கும் அரசியான அன்னை மரியாவின் பெயர் தாங்கிய அவ்வாலயம், நிலையத்திற்கு எதிரேயுள்ள சதுக்கத்தைக் கடந்தால் வந்துவிடும். வெளியே கரடுமுரடான செங்கற் சுவர். உள்ளே நுழைந்தால் வானளாவிய கூடம்.

இனி இரயிலுக்கு வருவோம். பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் இரயில் பாதை போட அனுமதி மறுத்தவர். பிரெஞ்சு மொழியில் இருப்புப் பாதையைக் குறிக்கும் சொல்லைச் சற்றே மாற்றி 'நரகப் பாதை' என்று அவர் சிலேடையாகச் சொன்னார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. இரயிலில் சரக்கு மட்டுமா வரும், கலகக் கருத்துகளும் வருமே என்ற அச்சம் அக்காலத்து ஆட்சியாளர் பலருக்கும் இருந்தது. 1846-இல் அவருக்குப் பின் வந்த ஒன்பதாம் பத்திநாதர் அந்தத் தடையை நீக்கினார். 1856-இல் உரோமையிலிருந்து பிரஸ்காத்தி என்னும் அருகூருக்கு முதற்பாதை திறக்கப்பட்டது. 1859-இல் சிவித்தாவெக்கியா துறைமுகம் வரை இரண்டாவது பாதை ஓடிற்று. பாப்பரசருக்கென்றே மூன்று பெட்டிகள் கொண்ட தனி இரயிலும் செய்யப்பட்டது. ஒரு பெட்டி, மக்களுக்கு ஆசி வழங்க ஏதுவாகத் திறந்த முகப்புடையது. மற்றொன்று அமர்ந்து பேசும் கூடம். மூன்றாவது பெட்டி ஒரு சிற்றாலயம். உரோமையில் மொந்தேமர்தீனி என்னும் பழைய மின் நிலையத்தில் இன்று இயங்கும் அருங்காட்சியகத்தில் இப்பெட்டிகளைக் காணலாம். கிரகோரியார் உயிரோடிருந்து இரயில் பெட்டிக்குள் பீடத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பாதைகள் ஒவ்வொன்றும் நகரின் வெவ்வேறு மூலையில் முடிந்தமையால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் இணைக்கும் நிலையம் வேண்டியதாயிற்று. ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசரின் குடும்பத்திற்கு முன்னாளில் உரியதாயிருந்த தோட்ட மாளிகை நிலம் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1863 பிப்ரவரி 25-ஆம் நாள் தற்காலிக நிலையம் திறக்கப்பட்டது. நிலையான கட்டடத்திற்கான வேலை 1868-இல் தொடங்கியது. ஆனால் 1870 செப்டம்பரில் இத்தாலியப் படை உரோமைக்குள் புகுந்தது. பாப்பரசரின் ஆட்சி முடிந்தது. ஒன்பதாம் பத்திநாதர் வத்திக்கானுக்குள் ஒதுங்கினார். 1878-இல் இறக்கும் வரை அவர் வெளியே வரவில்லை. அவர் தொடங்கிய நிலையத்தை 1874-இல் புதிய அரசு கட்டி முடித்தது. வெளிநாட்டார் அன்றுமுதல் உரோமைக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

நிலையம் வந்ததும் அதைச் சுற்றி ஒரு புதிய நகரம் முளைத்தது. வேலை தேடி நாற்றிசையிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். தங்க இடமும் வழிபட ஆலயமும் இல்லை. தெருவெங்கும் திரியும் சிறுவர்களைக் கவனிப்பார் இல்லை. நிலையத்தின் ஒரு பக்கத்தில் ஓடும் மர்சாலா தெருவில், இயேசுவின் திரு இருதயத்திற்கு ஓர் ஆலயம் எழுப்பும் முயற்சி தொடங்கி, பணமின்றி நின்றுபோயிருந்தது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1880-இல் அந்தச் சுமையை யார் தோளில் ஏற்றுவதென்று யோசித்தபோது, தூரின் நகரத்துக் குரு ஒருவரின் பெயர் சொல்லப்பட்டது. அவரே நம் மக்கள் தொன் போஸ்கோ என்று அன்புடன் அழைக்கும் புனித ஜான் போஸ்கோ.

அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. கால்கள் வீங்கியிருந்தன, கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது, சலேசிய சபைக்கோ ஏற்கெனவே கழுத்துமட்டும் கடன். இருந்தும் பாப்பரசரின் விருப்பம் கட்டளைக்குச் சமம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். ஆலயத்தோடு ஏழைச் சிறுவர்களுக்கான இல்லமும் சேர்ந்தே எழவேண்டும் என்பது அவருடைய திட்டம். பிறகு பிச்சை எடுக்கப் புறப்பட்டார் என்றே சொல்லவேண்டும். 1883-இல் பாரிஸ் சென்றார். 1886-இல் பார்சலோனா சென்றார். நடக்கவே இயலாத முதியவர் இரயிலேறி நாடு நாடாய்ச் சென்று, பெருஞ் செல்வரிடமும் ஏழை விதவையிடமும் கையேந்திச் சேர்த்த காசே திரு இருதய ஆலயமாய் எழுந்து நின்றது. 1887 மே 14-ஆம் நாள் அது நேர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டு நாட்களுக்குப் பின், மே 16 அன்று, சகாய அன்னையின் பீடத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். பூசை நடுவே கண்ணீர் பெருகி, மேலே செல்ல முடியாமல் பதினைந்து முறை நின்றார் என்று சலேசிய வரலாறு கூறுகிறது. காரணம் கேட்டவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி எளியது. ஒன்பது வயதில் அவர் ஒரு கனவு கண்டார்: முரட்டுச் சிறுவர்கள் சண்டையிட்டுக்கொள்கின்றனர், விலங்குகள் ஆடுகளாய் மாறுகின்றன, ஒரு பெருமாட்டி அவர் கைப்பிடித்து, உரிய காலத்தில் எல்லாம் விளங்கும் என்கிறாள். அறுபதாண்டுகள் கழித்து, தம் தாயும் அண்ணன்மாரும் அக்கனவைப் பற்றிப் பேசிக்கொண்ட குரல்கள் அந்தப் பீடத்தின் முன் அவர் காதில் மீண்டும் கேட்டனவாம். அந்த வாக்கின் பொருள் அப்போதுதான் விளங்கிற்றாம். அதன்பின் அவர் உரோமைக்கு வரவேயில்லை. 1888 ஜனவரி 31-ஆம் நாள் தூரினில் இறைவனடி சேர்ந்தார். அவர் கண்ணீர் சிந்திய பீடம் இன்றும் அவ்வாலயத்தில் உள்ளது. 1906-இல் தஞ்சாவூரில் வந்திறங்கி இந்திய மண்ணில் பணி தொடங்கிய சலேசியருக்கு நம் தமிழகம் பட்டிருக்கும் கடனை எண்ணினால், நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு நாழிகை அங்கே முழந்தாளிட்டு வருவது தகும். உலகச் சலேசிய சபையின் தலைமை இல்லமும் சில ஆண்டுகளாக அந்த ஆலயத்தை ஒட்டியே செயல்படுகிறது.

நாம் இன்று காணும் நிலையக் கட்டடம் அந்தப் பழையது அன்று. முசோலினி காலத்தில் அதை இடித்துவிட்டுப் பகட்டாக ஒன்றைக் கட்டத் தொடங்கினர். போர் வந்தது, வேலை நின்றது. போருக்குப்பின் புதிய வரைபடங்கள் வரவழைக்கப்பட்டு, 1950 டிசம்பர் 20-ஆம் நாள், புனித ஆண்டு முடிவதற்கு நான்கு நாட்கள் முன்பாக, இப்போதைய முகப்பு திறக்கப்பட்டது. அலைபோல் வளைந்து முன்னே நீண்டு நிற்கும் அதன் கூரையைக் கண்ட உரோமையர் அதற்கு 'டைனோசர்' என்று பட்டப்பெயர் சூட்டினர். முகப்பின் அருகிலேயே, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நகர மதிலின் ஒரு துண்டு கருங்கற் பாறைபோல் நிற்கிறது. 1955-இல் முதற் சுரங்க இரயில் பாதையும் 1980-இல் இரண்டாவதும் இங்கே வந்து சேர்ந்தன.

இத்தகைய பெரிய நிலையங்களுக்கு உலகெங்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இரயில் பிடிப்போர் போய்விடுவர், போக்கிடமற்றோர் தங்கிவிடுவர். கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மனித நடமாட்டம் இருக்கிறது. அதனால் வீடற்றோர் நிலையங்களை நாடி வருகின்றனர். தெர்மினியும் அப்படித்தான். அங்கே படுத்துறங்கியவர்களுள் மொதேஸ்தா வலேந்தி என்னும் மூதாட்டியும் ஒருவர். வடக்கே திரியெஸ்தே நகரத்தைச் சேர்ந்தவர், வயது எழுபத்தொன்று. 1983 ஜனவரி 31-ஆம் நாள் அவருக்கு உடல்நிலை மோசமாயிற்று. ஆம்புலன்ஸ் வந்தது. அவர் உடலில் பேன்கள் இருப்பதைக் கண்டு ஏற்றிச் செல்ல மறுத்துவிட்டனர். யார் அழைத்துச் செல்வது என்ற வழக்கு மணிக்கணக்கில் நீண்டது. காத்திருந்தபடியே அவர் உயிர் நீத்தார்.

அந்த நாளை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஜனவரி 31 புனித ஜான் போஸ்கோவின் திருநாள். தெருவின் ஒரு பக்கத்தில் அவர் கட்டிய ஆலயம். மறு பக்கத்தில் நிலையம். இவ்விரண்டையும் எவரும் திட்டமிட்டுப் பொருத்தவில்லை. ஆனால் ஏழைச் சிறுவர்களுக்காகத் தம் இறுதி வலிமையையும் செலவழித்த ஒரு புனிதரின் விழா நாளில், அவருடைய ஆலய மணி ஓசை கேட்கும் தொலைவில், அழுக்காய் இருந்தார் என்பதற்காக ஒரு முதியவள் சாகவிடப்பட்டாள் என்பதை எளிதில் மறந்துவிட நம்மால் இயலவில்லை.

உரோமையிலும் சிலர் அதை மறக்கவில்லை. 1968-இல் மாணவர் சிலரால் தொடங்கப்பட்ட சான் எஜீதியோ என்னும் பொதுநிலையினர் குழுமம், ஒவ்வோர் ஆண்டும் மொதேஸ்தாவின் நினைவாகத் திருப்பலி நடத்தி, உரோமைத் தெருக்களில் இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்து, பெயருக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. உரோமை நகராட்சி செய்ததோ இன்னும் வியப்பானது. இத்தாலியில் குடியிருப்பு முகவரி இல்லாதவர் அடையாள அட்டை பெற முடியாது. அட்டை இல்லையேல் குடும்ப மருத்துவர் இல்லை, வாக்குரிமையும் எட்டாது. ஆகவே நகராட்சி தன் பதிவேட்டில் மட்டும் ஒரு தெருவை உண்டாக்கி, வீடற்றோர் அனைவரையும் அத்தெருவில் வசிப்பவர்களாய்ப் பதிவு செய்கிறது. அந்தத் தெருவின் பெயர் மொதேஸ்தா வலேந்தி தெரு. உரோமையில் எங்கு தேடினும் அதைக் காண முடியாது. அங்கே ஒரு வீடும் இல்லை, குடியிருப்போர் ஆயிரக்கணக்கில்.

உரோமை மறைமாவட்டத்தின் காரித்தாஸ் அமைப்புக்கு அப்போது தலைவராயிருந்தவர் லூயிஜி தி லியெக்ரோ என்னும் குரு. காயேத்தா என்னும் கடற்கரை ஊரில் 1928-இல் பிறந்தவர். 1974-இல் உரோமை மறைமாவட்டம் தன் நகரத்தின் ஏழ்மையையும் அநீதியையும் வெளிப்படையாக ஆராய்ந்த பெருங்கூட்டத்தின் பின்னணியில் உழைத்தவர்களில் அவர் முதன்மையானவர். சொந்த நகரத்தின் நோய்களைத் திருச்சபையே எடுத்துக் காட்டுவதா என்று பலர் முகம் சுளித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. 1987-இல், மர்சாலா தெருவிலேயே இரயில்வேக்குச் சொந்தமான கட்டடத்தைப் பெற்று, வீடற்றோருக்கு இரவு விடுதி ஒன்றைத் திறந்தார். ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே படுத்துறங்கலாம். பக்கத்திலேயே மருத்துவ மனையும் உண்டு. குடியேறியோர், ஆவணமில்லாதோர், எவர் வந்தாலும் வைத்தியம் செய்யும் இடம் அது. அடுத்த ஆண்டு, செல்வர் வாழும் பகுதியொன்றில் எய்ட்ஸ் நோயாளருக்கு இல்லம் திறக்க முனைந்தபோது அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்தனர். இல்லம் திறக்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. 1997-இல் அவர் இறந்தபின் நிலையத்து விடுதி அவர் பெயரையே தாங்கியது.

அந்த விடுதிக்கு மூன்று பாப்பரசர்கள் வந்திருக்கிறார்கள். 1992 டிசம்பர் 20 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்னதாக, இரண்டாம் அருள் சின்னப்பர் வந்தார். 2010 பிப்ரவரி 14 அன்று பதினாறாம் பெனடிக்ட் வந்தார். மூன்றாமவர் பிரான்சிஸ். இரக்கத்தின் யூபிலி ஆண்டு 2015 டிசம்பரில் உரோமையில் தொடங்கிற்று. டிசம்பர் 8-இல் புனித இராயப்பர் பேராலயத்தின் புனிதக் கதவை அவர் திறந்தார். 13-இல் இலாத்தரன் பேராலயத்தில் திறந்தார். டிசம்பர் 18 அன்று மர்சாலா தெருவுக்கு வந்து, இந்த விடுதியின் கதவை அன்பின் புனிதக் கதவாகத் திறந்து வைத்தார். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவிலுள்ள மரியா மேஜர் பேராலயத்தின் புனிதக் கதவுக்கு அடுத்த ஜனவரி முதல் நாளன்றுதான் முறை வந்தது. பேராலயக் கதவுகளுக்கு வெண்கல வேலைப்பாடும் பல நூற்றாண்டு வரலாறும் உண்டு. விடுதிக் கதவுக்கு இரண்டும் இல்லை. கடவுளைக் காண விரும்புவோர் அவர் மறைந்திருக்கும் இடமாகிய எளியோரிடம் தேடவேண்டும் என்பதே அன்றைய மறையுரையின் சாரம்.

2006 டிசம்பரில் தெர்மினி நிலையம் இரண்டாம் அருள் சின்னப்பரின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2011 மே மாதத்தில் அவருடைய பெரிய வெண்கலச் சிலையும் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. மேலாடையை விரித்து எல்லாரையும் வரவேற்கும் தோற்றத்தைச் சிற்பி கருதினார். மக்களோ, பாப்பரசரைக் காணோம், காவற்காரன் நிற்கும் கூண்டைத்தான் காண்கிறோம் என்று நகைத்தனர். வத்திக்கான் நாளிதழே குறை கூறியது. அடுத்த ஆண்டு முகத்தை மாற்றி அமைத்தார்கள். நம்மைக் கேட்டால், அவருடைய பெயர் இந்நிலையத்தில் நிலைப்பதற்கு 1992-ஆம் ஆண்டு டிசம்பர் மாலை ஒன்றே போதுமாயிருந்தது.

திருப்பயணிகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். உரோமையின் நான்கு பெரும் பேராலயங்களையும் தெர்மினியை மையமாகக் கொண்டே எளிதில் காணலாம். சுரங்க இரயிலில் 'ஏ' பாதையைப் பிடித்தால் ஒரு திசையில் ஒத்தாவியானோ நிறுத்தத்தில் இறங்கி வத்திக்கானுக்கு நடக்கலாம். எதிர்த் திசையில் சான் ஜொவான்னி நிறுத்தம் இலாத்தரன் பேராலயத்திற்குரியது. 'பி' பாதை புனித சின்னப்பர் பேராலயத்திற்குக் கொண்டுசெல்லும். வத்திக்கான் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்து திருப்பயணிகளுக்கு எவ்வளவு பேர்போனதோ, அவ்வளவு முடிச்சவிழ்ப்பவர்களுக்கும் பேர்போனது. மரியா மேஜர் பேராலயத்திற்கு நடையே போதும். பனிமய அன்னையின் பெயரால் விளங்கும் தூத்துக்குடி பேராலயத்தை அறிந்த நம் மக்களுக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது. ஆகஸ்டு 5-இல் பனி பொழிந்த அற்புத மரபு அந்த உரோமைப் பேராலயத்திற்கே உரியது. 2025 ஏப்ரல் 26 அன்று பாப்பரசர் பிரான்சிஸின் உடலும் அங்கேதான் நல்லடக்கம் செய்யப்பட்டது. வீடற்றோர், சிறைவாசிகள், புலம்பெயர்ந்தோர் என ஏறத்தாழ 40 பேர் கையில் வெண் ரோசாவுடன் பேராலயப் படிகளில் நின்று அவரது பேழையை வரவேற்றனர்.

அவருடைய கல்லறைக்குச் செல்லுமுன்னரோ பின்னரோ, நிலையத்தின் மறுபக்கம் முதல் நடைமேடையை ஒட்டிய வாயில் வழியாக வெளியேறினால் மர்சாலா தெரு. 42-ஆம் எண் திரு இருதய ஆலயம்; அதே தெருவில் 109-ஆம் எண் இரவு விடுதி. ஆலயத்துக்குள் தாராளமாகச் சென்று செபிக்கலாம். விடுதி காட்சிக்குரிய இடம் அன்று. அங்கே படம் எடுக்க முனைதல் தகாது. எதிரே சிறிது நின்று, மொதேஸ்தாவுக்காக ஒரு 'நித்திய இளைப்பாற்றி' சொல்லிவிட்டுத் திரும்பலாம்.